விரலளவு சில்லில் மனித உறுப்பு: மருந்தையும் நஞ்சையும் அளக்கப் புதியதோர் அளவுகோல்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பாதையில், இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் என்ற சிறப்பைப் பெற்றது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில், ஹோர்ட்டன் சமவெளியின் வாயிலாக விளங்கும் இப்பிரதேசத்திலும் அதனைச் சூழ்ந்த நுவரெலியா மாவட்டத்தின் மலைச்சரிவுகளிலும் தேயிலையுடன் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா ஆகிய குளிர்ப்பிரதேசப் பயிர்களும் செழித்து வளர்கின்றன. மூடுபனியும் ஈரமும் நீங்காத காலநிலையில் பங்கசு நோய்கள் விரைந்து பரவுவதால், முதுகிலே தெளிகருவியைச் சுமந்து இரசாயனம் தெளிப்பது இங்குள்ள விவசாயிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் வழக்கமான வேலையாகிவிட்டது. அவ்வேலையை நமது மக்கள் ‘மருந்து அடித்தல்’ என்றே குறிப்பிடுகின்றனர். நோயாளி உட்கொள்வதும் மருந்து, பயிரின் மீது தெளிப்பதும் மருந்து.

இச்சொல் வழக்கில் நாம் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. மருந்தகத்தில் நாம் வாங்கும் மாத்திரையாயினும், விவசாய இரசாயனக் கடையில் வாங்கும் போத்தலாயினும், ‘இந்த அளவு வரை பாதுகாப்பானது’ என்று அவற்றைப் பற்றிக் கூறப்படும் தீர்ப்பு பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கிறது. அந்த இடம் எலி, முயல், நாய், குரங்கு ஆகியவற்றின் உடல். விலங்குக்குக் கொடுத்துப் பார்த்துக் கிடைத்த அளவை, ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து, மனிதனுக்குரிய அளவாகக் கணிப்பதே பல தசாப்தங்களாக உலகெங்கும் நிலவிவரும் நடைமுறை. இந்த நடைமுறையைக் கேள்விக்கு உட்படுத்தும் ஒரு தொழில்நுட்பம் கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஆய்வுகூடங்களில் வளர்ந்து, இப்போது சட்டப் புத்தகங்களுக்குள்ளும் நுழைந்துள்ளது. மனித உறுப்புகளின் மிகச்சிறிய மாதிரிகளை ஒரு விரலளவு சில்லின் உள்ளே உயிருடன் இயங்கச் செய்யும் அத்தொழில்நுட்பத்தைப் பற்றியும், அது மலையக மக்களுக்கு ஏன் முக்கியமானது என்பதைப் பற்றியும் இங்கு நோக்குவோம்.

எலி சொன்னதும் சொல்லாததும்

விலங்குப் பரிசோதனை பயனற்றது என்று கூறுவது நியாயமாகாது. இன்று நாம் பயன்படுத்தும் தடுப்பூசிகளும் இன்சுலினும் அதன் வழியாகவே வந்தன. ஆயினும், எலி ஒரு சிறிய மனிதன் அல்ல. அதன் ஈரல் நொதியங்கள் வேறு. இதயத் துடிப்பின் வேகம் வேறு. நோயெதிர்ப்புத் தொகுதியின் நடத்தையும் வேறு.

இந்த வேறுபாட்டின் விலையை உலகம் பலமுறை செலுத்தியிருக்கிறது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற மருந்து கர்ப்பிணிப் பெண்களின் காலைநேரக் குமட்டலுக்கும் வழங்கப்பட்டது. எலிகளில் பெருந்தீங்கு எதனையும் காட்டாத அம்மருந்து, 1961இல் விலக்கிக்கொள்ளப்படும் முன்னர் பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊனமுற்றுப் பிறக்கக் காரணமாயிற்று. 1993இல் அமெரிக்காவில், ஈரல் அழற்சி பி நோய்க்கான பியாலுரிடீன் என்ற மருந்து 15 நோயாளிகளுக்குப் பரீட்சார்த்தமாக வழங்கப்பட்டது. விலங்குகளில் தேறிய அம்மருந்து எழுவரின் ஈரலைச் செயலிழக்கச் செய்தது. அவர்களில் ஐவர் உயிரிழந்தனர். இருவர் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையால் உயிர் பிழைத்தனர். 2006 மார்ச்சில் லண்டனில், குரங்குகளுக்குப் பாதுகாப்பானது எனக் காணப்பட்ட அளவில் 500இல் ஒரு பங்கு மட்டுமே செலுத்தப்பட்ட ஆரோக்கியமான ஆறு இளைஞர்கள் சில மணித்தியாலங்களுக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டனர். குரங்கின் வெண்குருதிக் கலங்களுக்கும் மனிதனின் வெண்குருதிக் கலங்களுக்கும் இடையிலிருந்த ஒரு சிறிய வேறுபாடே அந்த விபரீதத்துக்குக் காரணம் என்பது பின்னரே தெரியவந்தது.

மறுபுறத்தில், விலங்குகளில் தீங்கு விளைவித்த காரணத்தால் கைவிடப்பட்ட மருந்துகளுள் மனிதனுக்குப் பயன்பட்டிருக்கக்கூடியவை எத்தனை என்பதை எவராலும் கூற முடியாது. அவை வெளியுலகைக் காணவே இல்லை.

மனிதக் கலங்களையே ஆய்வுகூடத்தில் வளர்த்து அவற்றின் மீது மருந்தைச் சோதித்தால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பானதே. அதுவும் நூறாண்டு காலமாக நடைபெற்றே வருகிறது. ஆனால், தட்டையான கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில், அசைவற்ற போஷணைத் திரவத்தில் வளரும் கலங்கள் மிக விரைவிலேயே தமது இயல்பை மறந்துவிடுகின்றன. ஈரல் கலம் ஈரலின் தொழிலைக் கைவிடுகிறது. சிறுநீரகக் கலம் வடிகட்டப்பட்ட திரவத்திலிருந்து புரதத்தை மீட்டெடுக்கும் ஆற்றலை இழக்கிறது. உடலினுள்ளே கலங்கள் ஓயாத அசைவின் நடுவே வாழ்கின்றன. குருதி அவற்றை உரசிச் செல்கிறது. சுவாசம் அவற்றை இழுத்துத் தளர்த்துகிறது. அயற்கலங்கள் இடையறாது சமிக்ஞை அனுப்புகின்றன. அந்தச் சூழலைப் பறித்துவிட்டுக் கலத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விக்கு உண்மையான விடை கிடைப்பதில்லை.

மயிரிழைக் கால்வாய்களின் விஞ்ஞானம்

இந்தக் குறையை நிவர்த்தி செய்ய வந்ததே நுண்பாய்மவியல். மிக நுண்ணிய கால்வாய்களின் ஊடாகச் சிறு துளித் திரவங்களைக் கட்டுப்பாட்டுடன் செலுத்தும் இயல் இது. கணினிச் சில்லுகளின் மீது நுண்ணிய கோடுகளை வரைவதற்கு உருவாக்கப்பட்ட அதே நுட்பத்தைக் கொண்டு முதலில் ஓர் அச்சு செய்யப்படுகிறது. அந்த அச்சின் மீது ஒளிபுகும் சிலிக்கன் இறப்பரை வார்த்து எடுத்தால், மயிரிழையளவு அகலமுள்ள கால்வாய்கள் கொண்ட ஒரு சிறு பாளம் கிடைக்கிறது. ‘சில்லு’ என்ற பெயர் இதனாலேயே வந்தது. அதனுள் மின்சுற்று எதுவும் இல்லை.

மழை நாட்களில் தேயிலை மலையின் கான்களில் நீர் சுழித்துக் கலங்கி ஓடுவதை நாம் காண்கிறோம். ஆனால், கால்வாய் மயிரிழையளவுக்குச் சுருங்கும்போது நீரின் குணமே மாறிவிடுகிறது. அங்கு சுழிப்பு இல்லை. இரு திரவங்களை அருகருகே ஓடவிட்டால், அவை ஒன்றோடொன்று குழம்பாமல், இரு பட்டுத் துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாற்போலச் செல்கின்றன; ஓரத்தில் மட்டும் மெல்ல மெல்லப் பரவிக் கலக்கின்றன. எனவே எந்தக் கலத்தை எந்த மருந்து, எந்தச் செறிவில், எவ்வளவு நேரம் தொட வேண்டும் என்பதை ஆய்வாளர் துல்லியமாகத் தீர்மானிக்க முடிகிறது. ஓடும் திரவம் கலங்களின் மீது செலுத்தும் உராய்வையும் குருதியோட்டத்துக்கு நிகராக அமைத்துக்கொள்ளலாம். சில துளி திரவமும் சில ஆயிரம் கலங்களும் இதற்குப் போதுமானவை.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷூலர் என்பவரின் குழுவினர் பல உறுப்புகளின் கலங்களைத் திரவ ஓட்டத்தால் இணைக்கும் முயற்சிகளை முன்னரே மேற்கொண்டிருந்தனர். எனினும் உலகின் கவனத்தை ஈர்த்தது, 2010இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வைஸ் நிறுவகத்தில் டொனால்ட் இங்பரும் கொரியாவைச் சேர்ந்த டான் ஹூவும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ‘சுவாசிக்கும் நுரையீரல்’ ஆய்வாகும்.

அதன் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. ஒன்றின் மேல் ஒன்றாக இரு கால்வாய்கள். இடையில் நுண்துளைகள் கொண்ட மெல்லிய இறப்பர் சவ்வு. சவ்வின் மேற்புறத்தில் மனித நுரையீரலின் காற்றறைக் கலங்கள். அவற்றின் மேலே காற்று. கீழ்ப்புறத்தில் குருதிக்குழாய்களின் உட்சுவர்க் கலங்கள். அவற்றின் கீழே குருதியை ஒத்த திரவம். இரு பக்கங்களிலும் உள்ள வெற்று அறைகளிலிருந்து காற்றை விட்டுவிட்டு உறிஞ்சும்போது சவ்வு விரிந்து சுருங்குகிறது. நுரையீரல் மூச்சுவிடுகிறது.

காற்றுப் பக்கத்தில் பக்ரீரியாவைச் சேர்த்தபோது, குருதிப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த வெண்குருதிக் கலங்கள் சுவரில் ஒட்டி, சவ்வின் துளைகளினூடாகப் புகுந்து, மறுபுறத்திலிருந்த கிருமிகளை விழுங்குவதை ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டியின் கீழ் நேரடியாகக் கண்டனர். மிக நுண்ணிய சிலிக்காத் துகள்களைக் காற்றுப் பக்கத்தில் இட்டபோது மற்றொரு முக்கியமான உண்மை புலப்பட்டது. சவ்வு அசையாமல் இருந்தபோது கலங்களுக்குள் குறைவாகவே புகுந்த துகள்கள், ‘மூச்சு’ இயங்கியபோது மிகுதியாகப் புகுந்தன. அசைவற்ற பாத்திரத்தில் ஒருபோதும் தெரியவராத விடயம் இது. 2012இல் அதே குழுவினர், புற்றுநோய்க்குப் பயன்படும் ஒரு மருந்தின் பக்கவிளைவாக நுரையீரலில் நீர் தேங்குவதைச் சில்லில் மீளுருவாக்கியதோடு, அதனைத் தடுக்கக்கூடிய ஒரு புதிய சேர்வையையும் அதே சில்லில் சோதித்துக் காட்டினர்.

ஈரலும் சிறுநீரகமும்

நுரையீரலைத் தொடர்ந்து குடல், ஈரல், சிறுநீரகம், இதயத் தசை, என்பு மச்சை, கருவில் வளரும் குழந்தையைத் தாயுடன் இணைக்கும் சூல்வித்தகம் எனப் பல சில்லுகள் உருவாயின. அவற்றுள் ஈரலும் சிறுநீரகமும் நமது விசேட கவனத்துக்குரியவை. உடலுக்குள் நுழையும் எந்த இரசாயனத்தையும் உருமாற்றுவது ஈரல், வெளியேற்றுவது சிறுநீரகம், நஞ்சின் முதல் அடியை ஏற்பவையும் இவ்விரண்டுமே.

2013இல் ஹாவார்ட் குழுவினர், மனிதச் சிறுநீரகக் குழாய்க் கலங்களைச் சில்லில் இட்டு, அவற்றின் மீது திரவத்தை மெதுவாக ஓடவிட்டனர். ஓட்டம் தொடங்கியதும் கலங்கள் நிமிர்ந்து வளர்ந்தன. புரதத்தை மீட்டெடுக்கும் தொழிலைச் செய்தன. புற்றுநோய்க்குரிய சிஸ்பிளாட்டின் மருந்து அவற்றுக்கு விளைவித்த சேதமும், அசைவற்ற பாத்திரத்தில் கண்டதைவிட உடலில் காணப்படுவதை நெருங்கியிருந்தது. நதியைக் காணாத மீனைப்போல் சோர்ந்து கிடந்த கலங்கள் ஓடும் நீரைக் கண்டதும் தம் தொழிலை நினைவுகூர்ந்தன என்று சொன்னால் மிகையாகாது.

2022 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு இத்துறையின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. 870 ஈரல் சில்லுகளில் 27 மருந்துகள் சோதிக்கப்பட்டன. இவற்றுள் பல, விலங்குகளில் தேறி, பின்னர் மனிதரின் ஈரலைச் சேதப்படுத்தியவை. அத்தகைய மருந்துகளில் 87 சதவீதமானவற்றைச் சில்லு சரியாக இனங்கண்டது. பாதுகாப்பான எந்த மருந்தையும் நஞ்சென்று தவறாகத் தீர்ப்பளிக்கவில்லை. இந்த ஆய்வை முன்னின்று நடத்தியது அச்சில்லைத் தயாரித்து விற்பனை செய்யும் நிறுவனமே என்பதையும் வாசகர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். வேறு ஆய்வுகூடங்களிலும் அதே பெறுபேறு மீண்டும் மீண்டும் கிடைக்கும்போதே விஞ்ஞானம் அதனை முழுமையாக ஏற்கும்.

சட்டமும் மாறத் தொடங்கியுள்ளது. புதிய மருந்துகளை விலங்குகளில் சோதித்தே ஆகவேண்டும் என்று 1938 முதல் அமெரிக்காவில் நிலவிய கட்டாயம் 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தால் நீக்கப்பட்டது. விலங்குப் பரிசோதனைக்குத் தடை விதிக்காமல், அதற்கு மாற்றான சான்றுகளையும் சமர்ப்பிக்க வழிவிட்டது அச்சட்டம். 2023 மார்ச்சில் இந்தியாவும் தனது புதிய மருந்துகள் தொடர்பான விதிகளைத் திருத்தி, உறுப்புச் சில்லு உள்ளிட்ட மனிதக் கலம் சார்ந்த முறைகளுக்கு இடமளித்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிலவகை மருந்துகளுக்கான விலங்குப் பரிசோதனைகளைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது.

சென்னையிலிருந்து ஒரு முன்மாதிரி

இவையெல்லாம் செல்வந்த நாடுகளின் விளையாட்டு. நமக்கு எட்டாதவை என்று எவரும் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்துக்கு விடையளிக்கும் ஒரு முயற்சி நமக்கு மிக அருகில், சென்னையில் நிகழ்ந்திருக்கிறது.

2021இல் சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகமும் இணைந்து, மனித மூளைத் திசுவின் சிறு உருண்டைகளை வளர்ப்பதற்கான நுண்பாய்மச் சாதனம் ஒன்றை உருவாக்கின. இக்ராம் கான் முதன்மை ஆசிரியராகவும், சென்னையின் பேராசிரியர் அனில் பிரபாகர், மசாசூசெற்ஸின் பேராசிரியர் மிருகாங்க சூர் ஆகியோர் இணை ஆசிரியர்களாகவும் இடம்பெற்ற அந்த ஆய்வுக் கட்டுரையின் சிறப்பு, சாதனத்தின் எளிமையிலே தங்கியிருந்தது. பல் வைத்தியத்தில் பயன்படும் பிசினைக் கொண்டு முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அது அச்சிடப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் அச்சாதனத்தில் திசுவை வைக்கச் சிறு குழிகளும், போஷணைத் திரவத்தையும் மருந்தையும் செலுத்த நுண்ணிய வாயில்களும் உள்ளன. மேலே மூடப்படும் கண்ணாடியின் ஊடாகத் திசுவின் வளர்ச்சியை இடையறாது நுணுக்குக்காட்டியால் அவதானிக்கலாம். கழுவி, கிருமி நீக்கி, மீண்டும் பயன்படுத்தலாம். ஏழு நாட்கள் அதில் வளர்க்கப்பட்ட திசுவின் உட்பகுதியில் இறந்த கலங்களின் விகிதம், வழமையான முறையில் வளர்க்கப்பட்டதைவிடக் குறைவாக இருந்தது. மூளை வளர்ச்சிக் குறைபாடுகளை ஆராய்வதும் அவற்றுக்கான மருந்துகளைச் சோதிப்பதுமே இதன் நோக்கம்.

வழமையான வளர்ப்புச் சாதனங்களுடன் ஒப்பிடும்போது இதன் செலவு மிகச் சொற்பமானது. பெருந்தொகைப் பணமும் பிரமாண்டமான கட்டடமும் இருந்தாலன்றி இத்துறைக்குள் காலடி வைக்க முடியாது என்ற எண்ணத்தைச் சென்னை முயற்சி தகர்த்துள்ளது. முப்பரிமாண அச்சு இயந்திரம் இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கும் புதிதல்ல.

மலையகத்துக்கு இதிலென்ன?

இனி நமது மண்ணுக்கு வருவோம். தேயிலைத் தோட்டங்களில் புல்லை ஒழிக்க நீண்ட காலம் பயன்பட்ட களைநாசினி பரகுவாட். அது உடலுக்குள் சென்றால், நுரையீரலின் காற்றறைக் கலங்கள் அதனைத் தமக்குத் தேவையான வேறொரு பொருளென மயங்கி உள்ளே இழுத்துச் சேமிக்கின்றன. அங்கே அது ஒட்சிசனுடன் தாக்கமுற்றுக் கலங்களை எரிக்கிறது. பிழைத்த நுரையீரல் நாளடைவில் தழும்பாகி இறுகுகிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. 2008 தொடக்கம் 2011 வரையான காலத்தில் பரகுவாட்டும், டைமெதோவேட், பென்தியோன் ஆகிய இரு பூச்சிநாசினிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. கொடிய பீடைநாசினிகளை ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிய இலங்கையின் கொள்கையால் 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டும் ஆய்வு மதிப்பிடுகிறது. உலகுக்கே முன்னுதாரணமான சாதனை இது.

ஆனால் அந்தத் தடைகளுக்கு ஆதாரமாக இருந்தவை வைத்தியசாலைகளின் மரணப் பதிவேடுகள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. மக்கள் மாண்ட பின்னர், மாண்டவர்களை எண்ணி, நஞ்சை நஞ்சென்று அறிந்தோம். இறப்பதற்கு முன்னரே அறிவதற்கு ஒரு வழி இருக்குமாயின் அதனைத் தேடுவது நமது கடமையல்லவா?

மற்றொரு பக்கத்தையும் நோக்குவோம். களைநாசினியான கிளைபோசேட் 2015இல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டது. 2022இல் தடை முற்றாக நீக்கப்பட்டது. இடையில் 2021இல் இரசாயன உரம், பீடைநாசினி அனைத்தினதும் இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, பயிர்ச்செய்கை நிலைகுலைந்ததன் பின்னர் அதே ஆண்டு நவம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. ஊசல் இவ்வாறு இரு திசைகளிலும் ஆடியபோது ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவர்கள் தோட்டத் தொழிலாளியும் சிறு விவசாயியுமே. தடை வந்தபோது வருமானத்தை இழந்தனர். தடை நீங்கியபோது தெளிகருவியை மீண்டும் சுமந்தனர். அந்த இரசாயனம் தமது உடலுக்கு என்ன செய்கிறது என்பதை எவரும் அவர்களுக்கு விளக்கவில்லை.

வட மத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட, காரணம் அறியப்படாத நீண்டகாலச் சிறுநீரக நோயின் கதையும் இத்தகையதே. கிளைபோசேட் மீதான தடைக்கே அந்நோய் பற்றிய அச்சம்தான் காரணமாயிற்று. நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, பார உலோகங்கள், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரிழந்து உழைத்தல் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஒன்று மட்டும் காரணமா, பல ஒன்றுசேர்ந்து காரணமா என்பது இன்னமும் முடிவாகவில்லை. எலிக்கு ஒரு வேளையில் ஒரு நஞ்சைக் கொடுத்துப் பார்க்கும் பழைய முறை, பல காரணிகள் பின்னிப் பிணைந்த இத்தகைய கேள்விக்கு விடையளிக்கத் தடுமாறுகிறது. மனிதச் சிறுநீரகக் கலங்கள் ஓடும் திரவத்தில் வாழும் சில்லொன்றில், கடின நீரை மட்டும், களைநாசினியை மட்டும், பின்னர் இரண்டையும் சேர்த்து, குறைந்த செறிவில் வாரக்கணக்கில் செலுத்தி ஒப்பிட முடியும். புதிரை அது அவிழ்த்துவிடும் என்று நாம் கூறவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கு அது உதவும் என்கிறோம்.

பட்டிப்பொலவில் மரக்கறிச் செய்கையில் ஈடுபடும் ஒருவர் ஒரு போகத்தில் ஒரே ஓர் இரசாயனத்தை மட்டும் சுவாசிப்பதில்லை. பங்கசுநாசினி, பூச்சிநாசினி, களைநாசினி ஆகியவை அடுத்தடுத்து அவரது உடலை அடைகின்றன. மேட்டு நிலத்தில் வேகமாக மூச்சு வாங்கியபடியே அவர் தெளிக்கிறார். மூச்சின் அசைவே துகள்களை உள்ளிழுக்கிறது என்று நுரையீரல் சில்லு காட்டியதை இங்கே நினைவுகூர்வது பொருத்தமானது. அருகிலேயே கர்ப்பிணிப் பெண்ணொருவர் களை பிடுங்கிக்கொண்டிருக்கலாம். இந்த நிலைமைகள் எவையும் போத்தலின் மேலுள்ள சிறிய எழுத்துகளில் இடம்பெறுவதில்லை.

யாருடைய கலம் என்பதும் ஒரு கேள்வியே. உலகின் உயிரியல் மாதிரி வங்கிகளில் ஐரோப்பிய வம்சாவளியினரின் மாதிரிகளே மேலோங்கியுள்ளன. மருந்தை உருமாற்றும் ஈரல் நொதியங்கள் பரம்பரைக்குப் பரம்பரை வேறுபடுகின்றன. எலியை விட்டு மனிதனுக்கு வந்தபின்னும், அந்த ‘மனிதன்’ வேறொரு கண்டத்தவனாகவே இருந்தால் நமது மக்களுக்கான விடை அரைகுறையாகவே அமையும். தோலிலிருந்தோ குருதியிலிருந்தோ பெற்ற கலங்களை எந்த உறுப்பின் கலமாகவும் மாற்றக்கூடிய முதற்கலங்களாகத் திருப்பும் வழியை ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாக்கா 2006இல் எலிகளிலும் 2007இல் மனிதக் கலங்களிலும் காட்டினார். 2012இல் நோபல் பரிசும் பெற்றார். அவ்வழியே இலங்கையரின் கலங்களைக் கொண்டே இலங்கையருக்கான சில்லுகளை அமைப்பது கோட்பாட்டளவில் சாத்தியமானதே.

எல்லைகளை அறிதல்

புதிய விஞ்ஞானத்தைப் போற்றும்போது அதன் எல்லைகளை மறைப்பது வாசகருக்கு இழைக்கும் அநீதியாகும். முதலாவதாக, உறுப்புச் சில்லு ஓர் உறுப்பு அல்ல. உறுப்பின் ஒரு சிறு செயலை மட்டுமே அது பின்பற்றுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதனைப் பொருத்த முடியாது. அத்தகைய நம்பிக்கையை யாரேனும் விற்க முன்வந்தால் வாங்கிவிடக்கூடாது. இரண்டாவதாக, சில்லுகளை வார்க்கப் பயன்படும் சிலிக்கன் இறப்பர் எண்ணெய்த் தன்மையுள்ள சில மருந்துகளைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. கலத்தை அடைந்த மருந்தின் அளவு அதனால் தவறாகக் கணிக்கப்படலாம். மூன்றாவதாக, சில்லின் ஆயுள் வாரக்கணக்கில்தான். முப்பது ஆண்டுகள் மருந்து அடித்த ஒரு தொழிலாளியின் உடலை நான்கு வாரங்களுக்குள் அடக்கிவிட முடியாது. நான்காவதாக, ஓமோன்களும் நரம்பும் நோயெதிர்ப்பும் ஒன்றையொன்று ஆளும் முழு உடலைச் சில சில்லுகளை இணைத்துவிடுவதால் மட்டும் பெற இயலாது. ஆகவே விலங்குப் பரிசோதனை நாளையே முற்றாக ஒழிந்துவிடும் என்பதும் உண்மையன்று.

அறநெறி சார்ந்த கேள்விகளும் உள்ளன. வாயில்லா ஜீவன்களுக்கு இரங்குவதை நமது சமயங்கள் அனைத்தும் வலியுறுத்துகின்றன. தேவையின்றி ஒரு விலங்கை வதைப்பதைச் சைவமும் ஏற்பதில்லை, இஸ்லாமும் ஏற்பதில்லை. அவ்வகையில், ஒரு விலங்கின் வேதனையையேனும் குறைக்கும் வழி வரவேற்கப்பட வேண்டியதே. அதேவேளை, மனிதக் கலங்கள் எங்கிருந்து பெறப்படுகின்றன, வழங்கியவரின் சம்மதம் பெறப்பட்டதா, அதனால் கிடைக்கும் இலாபம் யாருக்கு என்பவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள். கருவிலிருந்து பெறும் கலங்கள் குறித்துச் சமய அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. வளர்ந்தவரின் தோலிலிருந்தோ குருதியிலிருந்தோ பெறும் கலங்கள் அச்சிக்கலைப் பெருமளவு தவிர்க்கின்றன. ஆயினும், எழுத்தறிவு குறைந்த ஓர் ஏழைத் தொழிலாளியிடமிருந்து மாதிரி பெறும்போது, அவர் மொழியில் அவருக்கு விளக்கிப் பெறுவதே உண்மையான சம்மதமாகும்.

செய்யக்கூடியவை

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பேராதனையில் இயங்கும் பீடைநாசினிப் பதிவாளர் அலுவலகமும், 2015இல் அமைக்கப்பட்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையும் நமது நாட்டில் ஏற்கனவே உள்ளன. மருந்துக்கு ஒன்று, நஞ்சுக்கு ஒன்று என இரு வாயில் காவலர்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் சமர்ப்பிக்கும் ஆவணங்களை ஆராயும்போது, மனிதக் கலம் சார்ந்த இத்தகைய சான்றுகள் உண்டா என வினவுவதற்கு அவற்றுக்குப் பெரும் செலவு ஏற்படப்போவதில்லை. உலகம் அந்தச் சான்றுகளை உருவாக்கத் தொடங்கிவிட்டது. கேட்பவருக்கே அவை கிடைக்கும்.

பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களின் பொறியியல், மருத்துவ, விவசாய பீடங்கள் தனித்தனியே நின்றால் இத்துறையில் எதனையும் சாதிக்க இயலாது. கால்வாயை வடிவமைக்கப் பொறியியலாளர் வேண்டும். கலத்தை வளர்க்க உயிரியலாளர் வேண்டும். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதைச் சொல்ல, மலைச்சரிவில் பணிபுரியும் வைத்தியரும் விவசாய உத்தியோகத்தரும் வேண்டும். சென்னையில் நிகழ்ந்தது அத்தகையதொரு கூட்டு முயற்சியே. மலையகப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுகள் இன்னமும் போதியளவு இல்லாதிருப்பது பெருங்குறை. அக்குறை நீங்கினால், தோட்டத்து லயத்திலிருந்து புறப்படும் ஒரு மாணவியே தன் தாயின் நுரையீரலுக்காக இந்தக் கேள்வியைக் கேட்கும் ஆய்வாளராக வரமுடியும்.

அதுவரை காத்திருக்க முடியாத காரியங்களும் உண்டு. கையுறை, முகக்கவசம், நீண்ட அங்கி ஆகியவற்றைத் தொழிலாளிக்கு வழங்குவதற்கும், காற்று வீசும் திசை பார்த்துத் தெளிப்பதற்கும், கர்ப்பிணிப் பெண்களை அவ்விடத்திலிருந்து விலக்கி வைப்பதற்கும், போத்தலின் எச்சரிக்கையைத் தெளிவான தமிழில் அச்சிடுவதற்கும் எந்தப் புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை. சில்லின் தீர்ப்பு வரட்டும் என்று இவற்றைத் தள்ளிப்போடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

தேயிலைக் கொழுந்தின் தரத்தையும் தூளின் தரத்தையும் அளக்க இந்நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக நுட்பமான முறைகள் உள்ளன. ஏற்றுமதியாகும் தேயிலையில் எஞ்சியிருக்கும் இரசாயனத்தின் அளவைக் கூட, வாங்கும் நாடுகள் மிக நுணுக்கமாக அளக்கின்றன. அத்தேயிலையைப் பறித்தவரின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் நுரையீரலிலும் எஞ்சியிருப்பதை அளக்கும் கருவியும் இப்போது மெல்ல உருவாகி வருகிறது. அதனை அவர்களுக்காகப் பயன்படுத்த நாம் முன்வருவோமா என்பதே எஞ்சியுள்ள கேள்வி.